முடி மாத்திரையும் மூன்று ரிப்போர்ட்டும்

சுஜா, பிரவின், உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். சுஜா லேபில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பிரவின் அதே படிப்பில் கடைசி வருடம். ஒரே வீட்டில் மூன்றாவது ஆளும் ஊசியோடு கிளம்பப் போகிறது என்று உங்கள் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சாப்பிடும்போது நான் வேலைக் கதையை எடுத்தால் நீங்கள் இரண்டு பேரும் போனை எடுத்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். உங்களோடு வேலை செய்கிற பிள்ளைகளிடமும் காட்டுங்கள். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையது. பிறகு நடந்த நல்லதிலும் எனக்குக் கொஞ்சம் பங்கு உண்டு.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிளஸ் டூவில் வேதியியலை இரண்டாவது தடவை எழுதித்தான் தேறினேன். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆராய்ச்சி லேபில் பாட்டில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஹார்மோன் ஆராய்ச்சி செய்ய ஒரு மேடம் வந்தார். என்னைவிட நாலு வயது இளையவர். பெயரை எழுதினால் கோபப்படுவார், ஆகையால் மேடம் என்றே சொல்கிறேன். என்னை அவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மேடத்தின் ஆராய்ச்சி என்ன என்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஹார்மோன் ரத்தத்தில் போவது குழித்துறை ரோட்டில் பஸ் போவது மாதிரி. ரோட்டில் ஆயிரம் பேர் நிற்பார்கள், கை காட்டுகிறவனுக்குத்தான் பஸ் நிற்கும். செல்லில் அப்படிக் கை காட்டுகிறதுதான் ஏற்பி. அந்த ஏற்பியைத் தனியாகப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். லட்சம் பொருளுக்கு நடுவில் அதை எப்படித் தேடுவது? அதற்குத்தான் பயோட்டின்.

பயோட்டின் ஒரு சின்ன வைட்டமின். முட்டை வெள்ளையில் அவிடின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது பயோட்டினைப் பிடித்தால் பிடித்ததுதான், விடாது. அவிடின் எடுப்பதற்காக நாங்கள் தட்டு தட்டாக முட்டை உடைத்திருக்கிறோம். மஞ்சள் கரு முழுவதும் ஹாஸ்டல் சமையலறைக்குப் போகும். ஒரு வருடம் அந்தப் பிள்ளைகள் வெள்ளை இல்லாத ஆம்லெட் தின்றார்கள். மேடம் ஹார்மோனில் பயோட்டினைக் கட்டிவிடுவார். ஹார்மோன் போய் ஏற்பியைப் பிடிக்கும். அவிடின் பூசிய சின்ன மணிகளைப் போட்டால் அவை பயோட்டினைப் பிடிக்கும். இழுத்தால் எல்லாம் சேர்ந்து மேலே வரும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டு எடுப்பதுபோல.

ஒரு நாள் அந்த மணிகளைக் கழுவி வைக்கும் பொறுப்பு எனக்கு. கழுவுகிற கரைசல் தீர்ந்துபோயிருந்தது. புதிதாகக் கலக்க ஒரு மணி நேரம் ஆகும். பக்கத்தில் செல் வளர்க்கிற ஊட்டக்கரைசல் பாட்டில் இருந்தது. விலை கூடியது, சுத்தமானது. நல்ல சரக்கால் கழுவினால் நல்லதுதானே என்று நினைத்து அதை ஊற்றிக் கழுவி வைத்தேன். மறுநாள் மேடம் இழுத்துப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. வெறும் மணி. மூன்று மாத வேலை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வெளியே போய் நின்றேன், திரும்பி உள்ளே வந்தேன், சொல்லிவிட்டேன்.

"மேடம், மணிய நான் வேற பாட்டில் ஊத்திக் கழுவினேன்."

"எந்தப் பாட்டில் அண்ணாச்சி?"

எடுத்துக் காட்டினேன். லேபிளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இதுலயே பயோட்டின் இருக்கு. மணிக்குக் கையெல்லாம் முன்னாலயே நெறஞ்சு போச்சு. பிறவு நம்ம சரக்க எந்தக் கையால பிடிக்கும்?"

திட்டவில்லை. "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் ஒரு மாசம் ஹார்மோனச் சந்தேகப்பட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம், மிச்சம் இருந்த சரக்கில் ஒழுங்காகக் கழுவின மணியைப் போட்டதும் ஏற்பி மேலே வந்தது. அந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் உங்கள் அப்பா பெயரும் இங்கிலீஷில் இருக்கிறது. பீரோவில் வைத்திருக்கிறேன், எடுத்துப் பாருங்கள்.

தப்பை மறைத்தால் அது அடுத்தவன் தலையில் போய் உட்காரும். அன்று இதைத் தெரிந்துகொண்டேன். ஆனால் இதைவிடப் பெரிய ஒன்றையும் அன்றே தெரிந்துகொண்டு, பிறகு சுத்தமாக மறந்தும் போனேன். அந்தக் கதைதான் இனி.

சில வருடம் கழித்து லேப் டெக்னீசியன் படிப்பை முடித்து, கீழே ஆஸ்பத்திரி லேபுக்கு வந்தேன். என் பொறுப்பில் ஹார்மோன் மெஷின். அந்த மெஷினுக்குள்ளும் இதே வித்தைதான் நடக்கிறது. பிடிக்க வேண்டிய பொருளில் பயோட்டினைக் கட்டியிருப்பார்கள், அதைப் பிடிக்கிற மணிகள் இருக்கும். முட்டை உடைத்த எனக்கு அது சொந்தக்கார மெஷின் மாதிரி இருந்தது. அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது.

அருமனைப் பக்கம் கிரிஜா என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் வளைகுடாவில். வீட்டுக்கு மேலே சரிவில் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு, காலையில் அவளே போய்ப் பால் வெட்டுவாள். ஆறு மாதத்தில் மூன்று தடவை அவளுடைய ரத்தம் எங்கள் லேபுக்கு வந்தது. ரத்தம்தான் வந்தது, அவள் வரவில்லை. அங்கே அவளுடைய டாக்டரிடமே எடுத்துக் குழாயில் அனுப்பிவிடுவார்கள். மூன்று தடவையும் தைராய்டு மிகவும் கூடுதல் என்று மெஷின் சொன்னது. தைராய்டுக்குக் கட்டளையிடுகிற ஹார்மோன் இல்லவே இல்லை, தைராய்டு ஹார்மோன் உச்சத்தில், ஏற்பியைத் தூண்டுகிற எதிர்ப்பொருளும் கூடுதல். மூன்று டெஸ்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின. புத்தகத்தில் இருப்பது மாதிரி அவ்வளவு சுத்தம். மூன்று ரிப்போர்ட்டிலும் நான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து அவளுடைய டாக்டர் தைராய்டைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். இரண்டாவதில் குறையவில்லை, அளவைக் கூட்டினார். மூன்றாவதிலும் குறையவில்லை. மாத்திரைக்கு அடங்காது, கழுத்தில் உள்ள சுரப்பியையே அறுத்து எடுத்துவிடலாம் என்று எங்கள் ஆஸ்பத்திரி சர்ஜனிடம் அனுப்பினார். வியாழக்கிழமை ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை கடைசியாக ஒரு தடவை ரத்தம் பார்க்க அவளே வந்தாள். ரத்தம் எடுக்கிற பெண் அன்று லீவு. நான் ஊசியை எடுத்தேன்.

"அண்ணா, அந்த ஃபேன ஒண்ணு நிறுத்துவியளா? குளிருது."

சித்திரை மாதம். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கூட வந்தது அவளுடைய மைனி, அண்ணன் மனைவி. "இவ இப்பிடித்தான் கேட்டியளா. வீட்டுல எல்லாருக்கும் வேக்குது, இவ போர்வைக்குள்ள கெடக்குதா. பால் வெட்டப் போயே மாசம் ரெண்டாச்சு. கேட்டா ஆபரேசன் முடிஞ்சா செரியாவும்னு செல்லுதா."

"கொஞ்சம் சும்மா இருங்க மைனி." குரல் கரகரவென்று, ஆம்பிளைக் குரல் மாதிரி வந்தது.

கையைப் பிடித்தேன். ஆற்றில் முழுகி எழுந்த கை மாதிரி சில்லென்று இருந்தது. தோல் காய்ந்து கிடந்தது. முகம் ஊதியிருந்தது. நாடி மெதுவாக, யோசித்து யோசித்து அடித்தது. தைராய்டு கூடினவர்கள் கையை நான் எத்தனையோ பிடித்திருக்கிறேன். சூடாக, ஈரமாக, நடுங்கிக்கொண்டு இருக்கும், நெஞ்சு ஓடும். ரிப்போர்ட்டில் ஓடுகிறவள் நாற்காலியில் ஆமை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ரத்தத்தை மெஷினில் வைத்தேன். பழைய மூன்று ரிப்போர்ட்டில் இருந்ததே வந்தது. திரும்ப வைத்தேன். அதுவே. எங்கள் லேப் இன்சார்ஜ் என்னைவிட வயதில் சின்னவர், கெட்டிக்காரர். பின்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, கண்ட்ரோல் எல்லாம் பாஸ், மெஷின்ல கோளாறு இல்ல. ரெண்டு தடவ ஓட்டியாச்சு. இன்னும் என்னத்த பாக்குதிய?"

"அந்தப் பிள்ளைக்க கைக்கும் இதுக்கும் ஒட்டலய தம்பி."

"கை பாத்துச் செல்லுகதுக்கு நாம வைத்தியரா? நாலு மணிக்குள்ள வார்டுல ரிப்போர்ட் கேக்குதாவ. வெப்ராளப்படாம, மனசப் போட்டுக் கொழப்பாம கையெழுத்தப் போடுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. காரணம் இல்லாமல் ரிப்போர்ட்டை நிறுத்திவைப்பது லேசான குற்றம் இல்லை. நிஜமாகவே தைராய்டு கூடியிருந்து, நான் நிறுத்தியதால் ஆபரேஷன் தள்ளிப்போய் அவளுக்கு ஏதாவது ஆனால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரே மெஷினிடம் ஐந்து தடவை கேட்டால் ஐந்து சாட்சி ஆகிவிடாது. அது ஒரே சாட்சி ஐந்து தடவை பேசுவது. நான் பிடித்த அந்தக் கை இன்னொரு சாட்சி. அது வேறு சொல்கிறது. "ஒரு மணி நேரம் தாரும் தம்பி" என்று சொல்லிவிட்டு கேண்டீனுக்கு ஓடினேன்.

கிரிஜாவும் மைனியும் அங்கே இட்லி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"கிரிஜா, தைராய்டு மாத்திரை தவிர வேற மருந்து வல்லதும் சாப்பிடுதியளா?"

"இல்லண்ணா."

"சளி, வலி, சுகர், எதுக்காவது?"

"ஒண்ணும் இல்லண்ணா. இத எல்லா டாக்டரும் கேட்டாச்சு."

திரும்பிப் போயிருப்பேன். அப்போது அவள் தலையில் போட்டிருந்த துண்டைச் சரிசெய்தாள். நெற்றிக்கு மேலே மண்டைத் தோல் தெரிந்தது.

"முடி ரொம்பக் கொட்டுதா?"

மைனி முந்திக்கொண்டாள். "அத ஏன் கேக்குதிய. காய்ச்சல் வந்து போனதுலேருந்து கொட்டத் தொடங்கிச்சு. மாப்பிள்ளைக்கு போன் போட்டு ஒரே அழுகை. அவன் அங்கேருந்து குப்பி குப்பியா அனுப்புதான்."

"என்ன குப்பி?"

"அது மருந்தில்லண்ணா," என்றாள் கிரிஜா. "வைட்டமினாக்கும். முடிக்கு. முதல்ல ஒண்ணு போட்டேன். பின்னயும் கொட்டிச்சு, ரெண்டாக்கினேன். இப்பம் மூணு."

"இண்ணைக்குப் போட்டியளா?"

"காலையில ஒண்ணும் திங்கக் கூடாதுன்னாவ. அதனால அத மட்டும் தண்ணி குடிச்சுப் போட்டுட்டு வந்தேன்."

குப்பி அவள் பையிலேயே இருந்தது. வாங்கி லேபிளைப் பார்த்தேன். பயோட்டின். சாதாரண அளவு இல்லை, மிகப் பெரிய அளவு. மக்களே, அந்தக் கேண்டீனில் நின்றுகொண்டு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். உலகத்திலேயே இதை யோசித்திருக்க வேண்டிய ஆள் நான். தட்டு தட்டாக முட்டை உடைத்தவன், ஊட்டக்கரைசலில் மணியைக் கழுவி மேடத்தின் வேலையைக் கெடுத்தவன். அவள் ரத்தம் முழுவதும் பயோட்டின். மெஷினில் உள்ள மணிகளுக்குக் கையெல்லாம் அதனாலேயே நிறைந்துவிட்டது. பிடிக்க வேண்டியதைப் பிடிக்கவில்லை. அந்த மெஷினில் ஒரு டெஸ்ட்டில் பிடி குறைந்தால் அளவு குறைவாகக் காட்டும், மற்ற இரண்டில் பிடி குறைந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதனால்தான் மூன்றும் அவ்வளவு அழகாகப் பொருந்திப் பொய் சொல்லியிருந்தன.

இரண்டு மாடி ஏறி மேடத்திடம் போனேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நமக்கு நிச்சயம் அண்ணாச்சி. ஆனா நம்ம நிச்சயத்த வச்சு சர்ஜன் ஆபரேசன நிறுத்துவாரா? அவருக்குக் காட்டணும்."

"மணி இருக்கா மேடம்?"

"இருக்கு. போன வாரம் வந்தது."

அவர் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. கிரிஜாவின் ரத்தத்தை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியில் அந்த மணிகளைப் போட்டு பயோட்டினை முழுவதும் உறிஞ்ச விட்டோம். மறு பாதியை அப்படியே வைத்தோம்.

"இன்னொரு ஆளு வேணும்," என்றார் மேடம். "மணி போட்டதாலயே அளவு மாறிப்போச்சுன்னு யாராவது செல்லுவாவ."

நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். என் ரத்தத்தையும் அதேபோல இரண்டாக்கி ஒன்றில் மணி போட்டோம். நாலையும் கீழே கொண்டுவந்து மெஷினில் வைத்தேன். இன்சார்ஜ் பக்கத்தில் வந்து நின்றார். மணி மூன்றரை.

என் ரத்தம் இரண்டும் ஒரே அளவு. மணி போடாத கிரிஜாவின் ரத்தம் பழைய பொய்யையே சொன்னது. மணி போட்ட ரத்தம் தலைகீழ். தைராய்டு ஹார்மோன் அடிமட்டத்தில். கட்டளையிடுகிற ஹார்மோன் மேல் எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அவளுக்குத் தைராய்டு கூடவில்லை. ஆறு மாதமாகக் கொடுத்த மாத்திரை அதை அணைத்தே விட்டிருந்தது.

இன்சார்ஜ் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, வாரும். நானும் வாறேன்," என்றார்.

சர்ஜன் மூத்தவர், கறாரானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பழைய ரிப்போர்ட் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இதுல கையெழுத்து யாருது?"

"என்னது சார்."

"இப்பம் நாலாவதா ஒண்ணக் கொண்டுவந்து மூணும் தப்புங்குதிய."

"ஆமா சார். மூணும் தப்பு."

"அப்பம் நாலாவத மட்டும் எப்படி நம்பச் செல்லுதிய?"

கையிலிருந்த தாளை மேஜையில் வைத்தேன்.

"என்ன நம்பாண்டாம் சார். அந்தப் பிள்ளைக்க கைய ஒருக்கா பிடிச்சுப் பாருங்க."

கிரிஜாவைக் கூப்பிட்டார். கையைப் பிடித்தார், நேரம் பார்த்து நாடியை எண்ணினார். ஸ்டூலில் முட்டி போட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பாதம் உதறியது. திரும்பி வர அவசரமே இல்லாமல் மெல்ல மெல்ல வந்தது. மறுபடியும் தட்டினார். அதேபோல. தைராய்டு குறைந்தவர்களுக்குத்தான் கால் அப்படித் திரும்பும். சுத்தியலை வைத்துவிட்டு, மேஜையில் இருந்த பழைய ரிப்போர்ட் மூன்றையும் கவிழ்த்து வைத்தார்.

"வியாழக்கிழமை ஆபரேசன் இல்ல," என்றார். "அந்த மாத்திரையையும் நிறுத்தணும், முடி மாத்திரையையும் நிறுத்தணும். டாக்டர்கிட்ட நான் பேசுதேன்." பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நான் அறுத்திருப்பேன்," என்றார்.

கிரிஜாவுக்கு முதலில் புரியவில்லை. மேடம் உட்காரவைத்துச் சொன்னார். காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டியது. அதற்கு பயோட்டின் தின்றாள். முடி ஏன் கொட்டுகிறது என்று டாக்டர் தைராய்டு பார்த்தபோது அது ரிப்போர்ட்டைக் கெடுத்தது. ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தைராய்டைக் குறைத்தது. தைராய்டு குறைந்ததால் இன்னும் முடி கொட்டியது. அதற்கு இன்னும் பயோட்டின் தின்றாள். கேட்டு முடித்ததும் கிரிஜா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

"ஏட்டி, எதுக்கு அழுத?" என்றாள் மைனி. "கழுத்து அங்கதான இருக்கு. மாப்பிள்ளைக்கு நான் போன் போடுதேன். குப்பி ஒண்ணும் அனுப்பாண்டாம், நம்ம தேங்காயில ஆட்டின வெளிச்செண்ண இங்க கெடக்குன்னு."

கிரிஜா அழுதுகொண்டே சிரித்தாள். சர்ஜனும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பத்து நாள் கழித்து வெறும் மெஷினில் வைத்துப் பார்த்தோம். மணி எதுவும் போடவில்லை. மெஷின் உண்மையைச் சொன்னது. சில மாதத்தில் எல்லா அளவும் நேரானது. அப்போது வந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வற்றி, நடை விசுக் விசுக்கென்று. விடிவதற்கு முன்னால் சரிவேறிப் பால் வெட்டி முடித்துவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"இவளுக்குச் சத்தம் திரும்பி வந்தாச்சு கேட்டியளா," என்றாள் மைனி. "முந்தி வாயே தொறக்கமாட்டா. வீடு என்ன நிம்மதியா கெடந்துது. இப்பம் காது கொடுக்க முடியல. பழையபடி ரெண்டு மாத்திரை குடுத்தா கொள்ளாம்."

இப்போது எங்கள் லேபில் தைராய்டு பார்க்க வருகிற எல்லோரிடமும் முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று தனியாகக் கேட்கிறார்கள். இன்சார்ஜ் தம்பிதான் அதைக் கட்டாயமாக்கினார். சுஜா, உன் லேபில் கேட்கிறார்களா என்று பார். கேட்கவில்லை என்றால் நீ கேள். மருந்து என்று மட்டும் கேட்டால் ஜனங்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள், அவர்கள் பொய் சொல்வதில்லை. குழாயில் வருகிற ரத்தத்துக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. முடிந்தபோதெல்லாம் அந்தக் கையை ஒரு தடவையாவது பிடித்துப் பாருங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நான் ஃபைல் அறைக்குப் போனேன். எங்கள் லேபில் உள்ள பழைய பிரதிகளில் கிரிஜாவின் மூன்று ரிப்போர்ட்டையும் தேடி எடுத்தேன். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையால் 'இது தவறு' என்று எழுதினேன். கீழே, 'என்ன சாப்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை' என்று எழுதினேன். அன்றைய தேதி போட்டேன். பிறகு மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன், முதல் தடவை போட்ட வேகத்தில் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி.